முடிச்சில்லாத நான்கு பாட்டில்கள்

உங்கள் லேபை வந்து பார்த்தேன். ஏசி ஓடுகிறது. மிஷின் தானே எண்ணுகிறது, தானே அச்சடித்துத் துப்புகிறது. சந்தோஷம். ஆனால் அரை மணி நேரம் மூலையில் உட்கார்ந்து கவனித்ததில், பாட்டிலை வாங்கிய ஒரு பிள்ளைகூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. பேரை ஒட்டினீர்கள், தட்டில் வைத்தீர்கள், போனைப் பார்க்கப் போய்விட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு லேடி டாக்டரின் கிளினிக். அதன் பின்கட்டில் ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல். அதுதான் லேப். மைக்ராஸ்கோப்புக்கு அந்த ஜன்னல் வெளிச்சம்தான்; மழை மூட்டம் போட்டால் எல்லாருக்கும் ரிப்போர்ட் மறுநாள். எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. வேலூரில் படித்துவிட்டு வந்திருந்தேன். ஊரில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூதக்கண்ணாடியம்மா என்பார்கள். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற பொண்ணு, மத்த நாள்ல இன்னாத்த பாத்துக்கினு இருக்குதுன்னு தெரியுமா உனக்கு?" என்று என் அம்மாவிடம் கேட்டவர்கள் உண்டு. அம்மா அசரமாட்டாள். "சம்பளத்த பாத்துக்கினு இருக்குது" என்பாள்.

டாக்டரம்மாவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. குழந்தை இல்லை என்று எந்தப் பெண்ணைக் கூட்டிவந்தாலும், முதலில் புருஷனின் விந்துப் பரிசோதனை. அது வராமல் பெண்ணுக்கு ஒரு மாத்திரைகூட எழுதமாட்டார். அந்த நாளில் இது லேசுப்பட்ட பேச்சில்லை. கூட்டிவரும் மாமியார்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆண்பிள்ளைக்கு டெஸ்டா என்று சிலர் படியிறங்கிப் போய்விடுவார்கள். போனவர்களில் பாதிப்பேர் பத்து நாளில் திரும்பி வருவார்கள்.

வந்தவர்கள் பண்ணிய கூத்து இருக்கிறதே! ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டோடு கொண்டுவரவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவோம். ஒருவர் கெட்டுப்போகக் கூடாதென்று சோடாக் கடையில் ஐஸ் வாங்கி அதில் புதைத்துக் கொண்டுவந்தார். ஒருவர் சூடு ஆறக் கூடாதென்று வெந்நீர்ச் சொம்புக்குள் போட்டுக் கொண்டுவந்தார்; வேகவைத்தே கொடுத்துவிட்டார். ஒரு தாயார் பிள்ளையின் பாட்டிலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு என் கையில் நீட்டினாள். வாங்குவதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

பாட்டில்கள் நாங்கள் கொடுப்பவைதான். அகன்ற வாய், மூடி கிடையாது. வாயில் எண்ணெய்க் காகிதம் வைத்து நூலால் கட்டிக்கொண்டு வரவேண்டும். நெசவு ஊரில் நூலுக்கா பஞ்சம்? எல்லாரும் பட்டு நூலால் கட்டித்தான் கொண்டுவருவார்கள். எனக்குக் கொஞ்சம் கஞ்சத்தனம் உண்டு. அவிழ்த்த நூலைத் தூக்கிப்போட மனம் வராது. ஓர் அட்டையில் சுற்றி வைத்துக்கொள்வேன், ரவிக்கைக்கு ஹெம்மிங் பண்ண ஆகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குமுதா என்று ஒரு பெண். கல்யாணமாகி ஏழு வருஷம். புருஷன் ஏகாம்பரம், சாயக்காரர். பட்டு நூல் கழிகளைக் கோலில் மாட்டிக் கொதிக்கிற சாயக் கொப்பரையில் முக்கி முக்கி எடுக்கிற வேலை. மாமியார் குப்பம்மாள், மகனுக்கு வாலாஜாபாத்தில் இன்னொரு பெண்ணைப் பார்த்தாகிவிட்டது என்று கிளினிக்கிலேயே எல்லார் காதிலும் விழச் சொன்னாள். சட்டத்தில் இடமில்லை என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். "சட்டமா வந்து தொட்டில் ஆட்டும்?" என்றாள் குப்பம்மாள். குமுதா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். மகனுடைய டெஸ்டில் குறையில்லை என்று வந்துவிட்டால் அவள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான், அது அவளுக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரம் சைக்கிளில் வந்தார். மடியிலிருந்து பாட்டிலை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து நீட்டினார். மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அப்பப்பா! கருட சேவைக் கூட்டம். எண்ணிக்கை, ஓட்டம், உருவம் எல்லாம் பிரமாதம். குறை எதுவும் இல்லை என்று எழுதினேன், டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட் வாங்கக் குமுதாதான் வந்தாள். "நல்லா இருக்குதாம்மா?" என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். "அப்ப சரி" என்றாள். அந்த முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, அடுத்த ஸ்லைடு காய்ந்துகொண்டிருந்தது.

குப்பம்மாள் அந்தக் காகிதத்தை என்ன செய்தாள் தெரியுமா? ஜாதகத்தோடு சேர்த்து வைத்து வாலாஜாபாத்துக்கு எடுத்துப் போனாள். பெண் வீட்டில் இங்கிலீஷ் தெரியாது. ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டுச் சபையில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் இரண்டு வரி வாசித்தவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை பாஸ்" என்று மட்டும் சொல்லிக் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம் என்று பேசி முடித்தார்கள். இதையெல்லாம் கிளினிக்கில் பெருக்க வருகிற அம்மாள் எனக்கு ரசித்துச் சொன்னாள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரம் திங்கட்கிழமை இன்னொரு புருஷன் இன்னொரு பாட்டிலோடு வந்தார். காகிதத்தைப் பிரிக்க நூலைத் தொட்டேன். முடிச்சைத் தேடுகிறேன், முடிச்சே இல்லை. மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு நுனியையும் ஒன்றாக முறுக்கியிருந்தது. இழுத்தும் அறவில்லை. நகத்தால் நெம்பிப் பிரித்தேன், விரலில் சாம்பல் ஒட்டியது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நாள் இருந்தவருக்குக்கூட அது யார் வேலை என்று தெரியும். தறியில் நீளவாட்டில் ஓடுகிற பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய நுனியோடு புது நுனி சேர்த்து ஒவ்வொன்றாக இணைக்கவேண்டும். முடிச்சுப் போட்டால், சீப்பு மாதிரி இருக்கிற அச்சில் மாட்டும். அதனால் சாம்பல் தொட்டு, கட்டைவிரலால் ஒரே உருட்டு. அதற்கென்றே வீடு வீடாகப் போகிற ஆள் கன்னியப்பன். முடிச்சுப் போடுவதையே கை மறந்துபோன மனிதர். அவருக்கு ஆறு பிள்ளைகள், ஆறும் கொழுகொழு.

அட்டையை எடுத்துப் பிரித்தேன்; வந்த வரிசையிலேயே சுற்றியிருந்ததால் எது யாருடையது என்று தெரிந்தது. ஏகாம்பரம் கொண்டுவந்த பாட்டிலின் நூல், நுனியில் சாம்பல். அதற்கு முன் வந்த ஒன்று, சாம்பல். அதற்கும் முன்னால், இரண்டு மாதத்துக்கு முந்தியது, அதுவும் சாம்பல். நோட்டைப் புரட்டினேன். மூன்று பேரின் எண்ணிக்கையும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. மூன்று வீட்டு ஆண்களுக்கும் ஒரே ஆள் பாஸ் மார்க் வாங்கிக் கொடுத்திருக்கிறார், நான் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். நான்காவது நூலையும் அட்டையில் சுற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? வேலை போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு "அப்ப சரி" என்று குமுதா சொன்னது காதில் கேட்டது. எழுந்து போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதினது நீ, கையெழுத்து என்னோடது. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஆளை இங்க கொண்டு வா. தெருவுக்குத் தெரியாம கொண்டு வா" என்றார். நான்காவது பாட்டில்காரரை அப்போதே கூப்பிட்டு, சொந்தச் சரக்கோடு வரும்படி திருப்பி அனுப்பினோம். அவர் வியர்த்துப் போய்விட்டார்.

கன்னியப்பன் ஒரு வீட்டில் தறிமுன் சம்மணம் போட்டு இழை பிணைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள், குழந்தைகள். எப்படிக் கேட்பது? நூலை மட்டும் நீட்டினேன்.

"அண்ணா, இது யார் வேலைன்னு சொல்ல முடியுமா?"

வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நம்ம கைதாம்மா! வேற எவனுக்கு வரும்? சுண்டி இழுத்துப் பாரு, அறாது."

"பாட்டில் வாயில கட்டியிருந்துது."

அவர் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார்.

"ஏகாம்பரம் வந்து அழுதான்மா. இன்னா பண்ண சொல்ற? டெஸ்டுன்றாங்களே, பெயிலாயிட்டா இன்னா பண்றதுன்னு அழுதான். நமக்கு இன்னா கொறஞ்சி போச்சின்னு குடுத்தேன். ஒரு காப்பித்தண்ணி கூட வாங்கிக் குடிக்கல, சத்தியமா."

"ஏண்ணா, வேற ஆளோடத குடுத்தா டெஸ்டுக்கு என்ன அர்த்தம்?"

"இன்னாம்மா இப்டி கேக்குற? நெசவு சொசைட்டில சாம்பிள் காட்டச் சொன்னா, உள்ளதுல நல்ல பொடவையாதானே எடுத்துக்கினு போவோம்? பக்கத்து வூட்டுல கடன் வாங்கியாச்சும் நல்லதா காட்டுவோம். நல்லத பாத்தாதானே டாக்டரம்மாவும் மனசு வச்சி நல்ல மருந்தா எழுதும்?"

சிரிப்பதா அழுவதா? மனிதர் நெஞ்சில் கைவைத்து நம்புகிறார். தெருவே அப்படித்தான் நம்பியிருக்கிறது. "மருந்து யாரும் எழுதலண்ணா. புருஷன்கிட்ட குறை இல்லன்னா குறை பொண்ணுகிட்டதானே? அத வச்சிதான் வாலாஜாபாத்ல பொண்ணு பேசிட்டாங்க. வெள்ளிக்கிழமை தட்டு மாத்தறாங்க. குமுதா வெளிய போவப்போறா."

"இன்னாது?" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் சேத்த இழையால அந்தப் பொண்ணு அறுந்துபோவுதா? ஐயையோ, என் பொண்ணு வயசும்மா அது." அவர் கண் நிறைந்துவிட்டது. "நட, நானே வரேன்."

சாயப்பட்டறைக்குள் கால் வைத்ததும் எனக்கு மூச்சு முட்டியது. அடுப்பு, கொப்பரை, ஆவி. ஏகாம்பரம் இறுக்கிக் கட்டிய கோவணத்தோடு அதன்மேல் குனிந்து நின்றார். இடுப்புக்குக் கீழே நெருப்பு, இடுப்புக்கு மேலே ஆவி. பதினாலு வயசிலிருந்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அப்படித்தான் நிற்கிறாராம். நான் விஷயத்தைச் சொன்னதும் கோலை நழுவ விட்டார்.

"வரமாட்டேம்மா. ஒண்ணும் இல்லன்னு வந்துச்சின்னா தெருவுல தலகாட்ட முடியுமா? எங்கம்மா உசுர விட்டுடும்."

எனக்கு முன் கன்னியப்பன் வெடித்தார். "டேய், இன்னொரு பொண்ண கட்டுவ. அதுக்கும் புள்ள பொறக்காது. ஏழு வருசம் கழிச்சி உங்கம்மா மூணாவதா ஒண்ணு பாக்கும். அப்பவும் பாட்டில எடுத்துக்கினு என் வூட்டாண்ட வருவியா? எனக்கு வயசாவுதுடா! எத்தினி நாளைக்குதான் நான் ஊருக்கெல்லாம் ஒழைக்கிறது?"

ஏகாம்பரம் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். புதன்கிழமை வந்தார். கிளினிக்கிலேயே தனி அறை, வெளியே காவலுக்கு நான், எனக்குக் காவலுக்குக் கன்னியப்பன். பாதியில் எப்படியோ மோப்பம் பிடித்துக் குப்பம்மாள் வந்து கதவைத் தட்டினாள். "ஏம்மா பூதக்கண்ணாடி! என் புள்ளய உள்ள வச்சி இன்னா பண்றீங்க?" காய்ச்சல் பார்க்கிறோம் என்றேன். "காச்சலுக்கு இவன் எதுக்கு வாசல்ல நிக்கிறான்?" என்று கன்னியப்பனைக் காட்டினாள். "எனக்கும் காச்சல்" என்றார் அவர்.

அன்று மைக்ராஸ்கோப்பில் கருட சேவை இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் சன்னிதித் தெரு மாதிரி இருந்தது. அங்கொன்று இங்கொன்று, அவையும் தள்ளாடின. டாக்டரம்மா அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாக விசாரித்தார். விடலை வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியதா? அடி பட்டதா? அந்த இடத்தில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறதா? மேகநோய் எதுவும்? நீண்ட நாள் காய்ச்சல், மருந்து, குடி? விரை இரண்டும் பிறவியிலேயே கீழே இறங்கியிருந்தனவா? எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றே பதில். பரிசோதித்தும் ஒன்றும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது கொப்பரை. விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே சூடு படாமல் இருக்கத்தான், நீங்கள் அவற்றை இறுக்கிக் கட்டித் தினமும் அடுப்பின் மேல் காட்டுகிறீர்கள் என்றார் டாக்டரம்மா. இதுதான் காரணம் என்று சத்தியம் பண்ணமாட்டேன், வேறு காரணமும் இருக்கலாம், காரணமே தெரியாமலும் போகலாம். ஆனால் நாலு மாதம் நெருப்பை விட்டு விலகி இருங்கள், பிறகு பார்ப்போம் என்றார்.

ஏகாம்பரம் சம்மதித்த பிறகே வீட்டாரை உள்ளே கூப்பிட்டோம். டாக்டரம்மா பழைய ரிப்போர்ட் செல்லாது என்று சொல்லிப் புதியதைப் படித்தார். கன்னியப்பன் பேர் வரவில்லை. குப்பம்மாள் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "வாலாஜாபாத்காரங்களுக்குக் காட்டிட்டனே!" இரண்டாவது வார்த்தை அதைவிட அழகு. "போனது போவட்டும். இது நமக்குள்ளயே இருக்கட்டும். நிச்சயம் நடக்கட்டும். ரெண்டு பொண்ணு இருந்தா, எதுக்காச்சும் ஒண்ணுக்குத் தங்காதா?"

ஏழு வருஷமாக வாய் திறக்காத குமுதா தலைப்பை விரலிலிருந்து மெதுவாகப் பிரித்தாள்.

"அத்த, கொற என்கிட்ட இருந்தா அவருக்கு இன்னொரு பொண்ணு பாத்தீங்க. நாயம்தான். இப்ப கொற அவருகிட்ட. எனக்கு இன்னொரு மாப்ள எப்ப பாக்கப் போறீங்க?"

குப்பம்மாளுக்கு விக்கல் எடுத்தது. நிஜமான விக்கல், நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். டாக்டரம்மா மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து சிரித்தார். ஏகாம்பரம் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "வாலாஜாபாத்துக்கு ஆள அனுப்பி வாணாம்னு சொல்லிடு. நாளைலேர்ந்து கொப்பரையாண்ட நீ நில்லும்மா. உனக்கு ஒண்ணும் ஆவாது."

நின்றாள்! நாலு மாதம், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி ஏசிக்கொண்டே கோலைப் பிடித்து முக்கி எடுத்தாள். மகன் வாசலில் காற்றாட உட்கார்ந்து ராட்டையில், நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றினார். மறு டெஸ்டில் கூட்டம் கொஞ்சம் கூடியிருந்தது. மறு வருஷம் குமுதாவுக்குப் பெண் குழந்தை. குப்பம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கெல்லாம் சுற்றிவந்து, "நான் கொப்பரையாண்ட நின்னு பெத்தது" என்று காட்டினாள். எல்லாருக்கும் இப்படி நடக்காது. சூட்டைக் குறைத்தும் பலன் இல்லாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தினால் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். மூன்று சாம்பல் நூல் என்று சொன்னேன் அல்லவா? இரண்டாவது பாட்டில்காரரும் திரும்ப வந்து டெஸ்ட் கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு முன் வந்த முதல் பாட்டில்காரர் மட்டும் வரவே இல்லை. நான் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டை வைத்து, அந்த இரண்டு மாதத்துக்குள் மனைவி தேவகியைத் திருப்புட்குழியில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறொரு பெண்ணுக்குத் தாலியும் கட்டியாகிவிட்டது.

பஸ் பிடித்துப் போனேன். தேவகி பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். பழைய ரிப்போர்ட் செல்லாது என்று டாக்டரம்மா எழுதிய கடிதத்தைக் கையில் கொடுத்து, அது அவள் புருஷனுடைய பாட்டிலே இல்லை என்று சொன்னேன். குறை உன்மேல் என்று அந்த ரிப்போர்ட் சொன்னது பொய் என்றேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டாள். நூலைப் பற்றிச் சொன்னேன், முடிச்சில்லாததைப் பற்றி, சாம்பலைப் பற்றி. முழுவதும் கேட்டாள். கோபம்கூட இல்லை அவள் குரலில்.

"எங்க வூட்டுக்காரர் பாட்டில்லயும் அதே நூல்தானேம்மா இருந்துது?"

"ஆமாம்."

"உங்க கையாலதானே அவுத்தீங்க?"

"ஆமாம்."

"அப்பவே கொஞ்சம் பாத்திருக்கக் கூடாதாம்மா?"

அவள் முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். பஸ் நேரம் வரும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.